தொட்டிலில் இருந்த இரண்டு பேர்

அன்புள்ள தம்பி ரேடியோவுக்கு,

அண்ணன் எழுதுவது. எழுதுவது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். கையெழுத்து அழகாக இருந்தால் அது அவளால், விஷயம் கோணல்மாணலாக இருந்தால் அது என்னால். உன் போனுக்கு அடித்துப் பார்த்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் ரொம்ப மரியாதையாகச் சொன்னது. தங்கச்சியிடம், அதுதான் உன் மனைவியிடம், கேட்டேன். நீ துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, உன் மைத்துனர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள். எனக்கு அடிபட்ட அன்றைக்கு க்ளினிக் வாசலில் என்னை இறக்கிவிட்டு, வண்டிக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவன் நீ. பரவாயில்லை. ஏதோ அவசரமாக இருந்திருக்கும்.

தங்கச்சியும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். அண்ணி வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறாள். குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்துவிட்டதாம். யாராவது பேசினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளாம். ரேடியோவின் மகள் அல்லவா, பேச்சுச் சத்தம் இல்லாமல் எப்படி இருப்பாள் என்று அண்ணி சொல்கிறாள்.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கை தோளிலிருந்து விரல் வரை என்னோடுதான் இருக்கிறது. என்னுடையது மாதிரிதான் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தூங்கி நம் மேல் சாய்ந்துகொள்வானே, அந்த மாதிரி என் மேல் சாய்ந்து தூங்குகிறது. கிள்ளினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டால் பகலிலேயே எல்லாம் மிதக்க ஆரம்பித்துவிடுகிறது. ஜன்னலோரம் படுத்திருக்கிறேன். மேகம் போகிறது. அதை நாம் கட்டடக் கண்ணாடி துடைக்கிற ரப்பர் துடைப்பானால் வழித்துக்கொண்டே மாடி மாடியாக இறங்குகிற மாதிரி இருக்கிறது. நீ பக்கத்தில் பேசிக்கொண்டே வருகிறாய். என்ன பேசினாய் என்பது மட்டும் கண் விழித்ததும் மறந்துபோகிறது.

அன்றைக்கு உன் பக்கத்தில் எப்படி இருந்ததோ தெரியாது. என் பக்கத்தில் எல்லாமே மெதுவாக நடந்தது. கட்டடத்தின் பின்பக்கம், கீழே ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. கயிற்றில் தொங்கும் நம் வேலைத் தொட்டில் என் பக்கமாகச் சரிந்தது. வாளி என்னைத் தாண்டிப் போனது, சோப்புத் தண்ணீர் ஒரு துணியை உதறின மாதிரி வெயிலில் விரிந்தது. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன், சத்தியமாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி அறை, ஒரே ஒரு நாற்காலி, அதன் மேல் வெயில் உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் கம்பியில் மாட்டிக்கொண்ட கை திருகிக்கொண்டது. வலிக்கவில்லை. ஏதோ ஒன்று அணைந்தது, அவ்வளவுதான்.

கம்பெனி டாக்டர் கையைத் தொங்கவிட ஒரு துணியும் தைலமும் கொடுத்து, சுளுக்குதான், ஒரு வாரம் ஓய்வெடு என்றார். விரலில் உணர்ச்சியே இல்லை என்றேன். பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார். மறுநாள் சூப்பர்வைசர் ஒரு பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டு, "வீட்டு மாடிப்படியில விழுந்ததா சொல்லிடுங்க, வைத்தியச் செலவை நாங்களே பாத்துக்கறோம்" என்றார். "எங்க வீட்டுக்கு மாடிப்படியே இல்லையே சார்" என்றாள் உன் அண்ணி. அவர் நம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, டீயை முடிக்காமல் போய்விட்டார்.

மருந்துக்கடை அம்மாதான் வழி சொன்னார்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி போட்டிருக்கும் இன்சூரன்ஸ்தான் வைத்தியம் பார்க்க வேண்டுமாம். அதற்கென்றே ஒரு நஷ்டஈட்டு அலுவலகம் இருக்கிறதாம். அண்ணி போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பார்ப்போம்.

நீ வேளைக்குச் சாப்பிடு. மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. கயிற்றைப் பற்றியெல்லாம் யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அண்ணன்
(எழுதியது அண்ணி. குழந்தைக்கு உன் மூக்கு. அதற்கு யாரும் பொறுப்பில்லை.)

*

தம்பி,

இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் நானே எழுதுகிறேன். அண்ணி தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. வருவதற்குள் முடிக்க வேண்டும். என் வேகத்தைப் பார்த்தால் அடுத்த மாதம்தான் முடியும் போலிருக்கிறது.

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வந்து சேர்ந்தது என்று உன் மைத்துனர் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறாயாம். அங்கே நீ யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீ பேசாமல் இருப்பதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. ஒருவேளை வேறு யாரையோ சொல்கிறார்களோ என்று இருக்கிறது.

நஷ்டஈட்டு அலுவலகத்தில் ஒரு சீட்டுக் கொடுத்து, நரம்பு டாக்டரிடம் ஒருதடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குளிர்ந்த அறை, நீல விளக்கு. கையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி லேசாக மின்சாரம் விட்டார்கள். திரையில் ஒரு கோடு ஓடியது. மற்ற இடத்தில் குதித்த கோடு என் விரலுக்கு வந்ததும் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது, அவ்வளவு அமைதி. டாக்டர் இளம்வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: "தோள்ல நரம்பு இழுபட்டு அறுந்திருக்கு. விரல் தூங்குது. ஆபரேஷன் செஞ்சா எழுப்பலாம். ரொம்ப நாள் தூங்கவிட்டா அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் சரி என்று சொல்ல வேண்டும். அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். அன்றைக்குக் காற்று அதிகம் என்று காலையிலேயே வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தொட்டில் மேலே போகவே இல்லையாம். அப்படியென்றால் நான் எங்கே தொங்கினேன்? அண்ணி அந்தத் தாளைப் படித்துவிட்டு, நல்லவேளை, நீங்கள் பிறக்கவே இல்லை என்று எழுதாமல் விட்டார்களே என்றாள்.

மேல்முறையீடு செய்தோம். அதற்காக அலுவலகத்துக்குப் போனேன். எந்தக் கட்டடம் தெரியுமா? நாம் துடைத்த கட்டடம்தான், ஆற்றுப் பக்கம் பச்சைக் கண்ணாடி போட்டது. உள்ளே போனது இதுதான் முதல்தடவை. வெளியிலிருந்து பார்த்தபோது மீன்தொட்டி மாதிரி இருந்ததே. உள்ளே உட்கார்ந்ததும் நான்தான் மீன் மாதிரி இருந்தேன். சத்தமே இல்லை. பச்சை வெளிச்சத்தில் எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள். ஒரு ஜன்னலின் கீழ்மூலையில் சோப்புத் தடம் காய்ந்திருந்தது. உன் வேலை. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், மூலையை விடாதே என்று.

விசாரிக்கிற அதிகாரி ஒரு அம்மா. நரைத்த தலை, முகத்தில் சிரிப்பு என்பது பெயருக்குக்கூட இல்லை. தொட்டில் எப்படிச் சரிந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். கயிறு யார் கட்டியது என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அதனால் முந்திக்கொண்டு, ஞாபகம் இல்லை, கூட யார் இருந்தார்கள் என்றுகூட ஞாபகம் இல்லை என்று உளறிவிட்டேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஐயா, நீங்க யாரையோ காப்பாத்த நினைக்கறீங்க. இங்க யார் தப்புன்னு நாங்க கேக்கறதில்ல. வேலை செய்யும்போது அடிபட்டுச்சா, அது மட்டும்தான் கேள்வி. உங்க தப்பா இருந்தாலும், கூட இருந்தவர் தப்பா இருந்தாலும், யார் தப்பும் இல்லைன்னாலும் வைத்தியம் உண்டு. சட்டமே அப்படித்தான்" என்றார்கள்.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றேன். அவர்களும் அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொன்னார்கள். தம்பி, உனக்காக அதை அப்படியே மேலே எழுதியிருக்கிறேன். நீயும் இரண்டாம் தடவை படி.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகத்தான் இடது கையால் எழுதுகிறேன். என் பக்கத்து முடிச்சு கழன்றதை நானும் பார்த்தேன். நீ பார்த்ததையும் பார்த்தேன். நான் கீழே வாளியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது இரண்டு பக்கமும் நீதான் கட்டினாய். குழந்தை விடிய விடிய அழுது நீ கண்ணே மூடவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. மகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மொட்டைமாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே கட்டினாய். சூப்பர்வைசர் கீழேயிருந்து சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திவிட்டுப் போனார். இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கட்டின கை உன்னுடையது என்பதை மட்டுமே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிந்த தொட்டிலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தது யார்? ஒரு கையால் என்னைப் பிடித்து, இன்னொரு கையால் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அத்தனை மாடியும் இறக்கியது யார்? இறங்கும் வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னோடு வேலை செய்த இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் உன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டேன்.

தொட்டில் மேலே போனது, நான் கூட இருந்தேன் என்று ஒருவர் சொன்னால் போதுமாம். அந்த ஒருவர் இந்த உலகத்தில் நீ மட்டும்தான். உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். வராவிட்டாலும் என் வீட்டுக் கதவு உனக்கு அப்படியேதான் இருக்கும். விரல் தூங்கினால் தூங்கட்டும். நீ தூங்காமல் இருக்கிறாயே, அதுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

அண்ணி செருப்புச் சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன்.

உன் உடம்பும் மனசும் நல்லபடி இருக்க வேண்டும்,
அண்ணன்

*

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்துபோனதே எனக்குத் தெரியாது. அதிகாரி அம்மா சொல்லித்தான் தெரிந்தது. காலையில் பஸ்ஸில் வந்து, அலுவலகம் திறக்கும் வரை வாசலில் நின்று, வேலை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிட்டாயாம். எங்கள் தெரு வழியாகத்தான் அந்த பஸ் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாயா? நான் அந்நேரம் வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பஸ் கொஞ்ச நேரம் நின்று போனது போலவும் இருக்கிறது. எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும்தான்.

நீ சொன்னதை அந்த அம்மா எனக்குப் படித்துக் காட்டினார்கள். "தொட்டில் மேல போச்சு. நான் கூட இருந்தேன். கயிறு கட்டினது நான்." யார் கட்டினார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை, அதை எழுதத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார்களாம். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நீ அடம் பிடித்தாயாம். அப்புறம் அழுதாயாம். "தண்ணி குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்கள். சிரிப்பே இல்லாத அந்த முகம் அப்போது எப்படியோ ஆனது. போகும்போது, அண்ணனுக்கு விரல் வருமா என்று கேட்டாயாம். எனக்குத் தெரியாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன் என்றார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தது செல்லாது என்று ஆகிவிட்டது. ஆபரேஷன், அதற்குப் பிறகு பயிற்சி, மருந்து, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஒரு பங்குச் சம்பளம், எல்லாம் இன்சூரன்ஸ்தான். கைக்கு இனி தேவையில்லை என்று டாக்டர் சொல்லும்வரை வைத்தியம் நிற்காதாம். அண்ணி அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை படித்தாள்.

ஆபரேஷன் ஆகிவிட்டது தம்பி. என் கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துத் தோளில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இனிமேல் கையை நீட்டினால் கால் கோபித்துக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்தபோது எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை. தொட்டிலில் இருந்தேன். அந்தக் காலி அறையைத் தாண்டி இறங்கினோம். இப்போது நாற்காலியில் யாரோ உட்கார்ந்து நமக்குக் கையசைத்தார்கள். எந்தப் பக்கமும் சரியவில்லை. பூனைக்கு ஏன் மழை பிடிக்காது என்று நீ எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். கீழே தரையே இல்லை, வெள்ளை வெளிச்சம்தான் இருந்தது. எனக்கு இறங்கவும் மனசில்லை. கண் விழித்தபோது அண்ணி பக்கத்தில் இருந்தாள். பூனையைப் பற்றி ஏதோ சொன்னேனாம்.

இப்போது சிகிச்சைக்கூடத்துக்குப் போகிறேன். கைப்பயிற்சி கொடுக்கிற பெண், ஈ எறும்புக்கும் குரல் உயர்த்த மாட்டாள், ஆனால் விடமாட்டாள். சுவரில் விரலால் நடக்கச் சொல்கிறாள். கீழிருந்து மேலே, எறும்பு ஏறுகிற மாதிரி. சுவரில் மேலேயிருந்து இறங்கித்தானே எனக்குப் பழக்கம் என்றேன். அப்படியென்றால் ஏறவும் பழகிக்கொள்ளுங்கள் என்றாள். கட்டைவிரல் அசைகிறது. ஆள்காட்டி விரல் அசைகிற மாதிரி இருக்கிறது, அண்ணி அசைந்தது என்கிறாள், டாக்டர் பொறுங்கள் என்கிறார். சுண்டுவிரலும் அதன் அண்ணனும் இன்னும் நல்ல தூக்கம். நரம்பு முடி வளர்கிற மாதிரி மெதுவாகத்தான் வளருமாம். இரண்டும் எழுந்திருக்காமலே போகலாம் என்றும் சொல்லிவிட்டார். வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சில நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்புறம் அண்ணி வருகிறாள்.

அண்ணியைப் பற்றி ஒன்று. போன கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் எழுதினேன் என்றேன் அல்லவா? முடிச்சு விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகச் சொன்னபோது, அவள் துணி மடித்துக்கொண்டே, "எனக்கு முதல் வாரமே தெரியும். தங்கச்சி சொல்லிட்டா" என்றாள். நீ ஊரைவிட்டுப் போகும்முன் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டேதான் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள். கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சு. அதுக்காக குழந்தைக்கு அழுக்கு ஒட்டாம இருக்குமா?" என்றாள்.

நான் இனிமேல் மேலே போக முடியாது. அது முடிந்துபோன விஷயம், டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். தொட்டில் ஏறும்முன் ஒவ்வொரு முடிச்சையும் இன்னொரு ஆள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து இப்போது கண்டிப்பாக உத்தரவு போட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு என்னை வரச் சொல்கிறார் கான்ட்ராக்டர். இலகுவான வேலை, கண்ணும் ஒரு கையும் போதும். சூப்பர்வைசரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் ஒத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். காற்று அடித்தது. ஓரத்துக்குப் போகக் கால் வரவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் போனேன். புதுப் பையன்கள் இருவர் கட்டியிருந்தார்கள். நல்ல பையன்கள்தான், அடக்க ஒடுக்கமாக வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறார்கள். எனக்குத்தான் எதுவோ குறைகிற மாதிரி இருந்தது.

துறைமுக வேலை உனக்குப் பிடித்திருந்தால் இரு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பிடிக்காவிட்டால், இங்கே கயிறு கட்ட ஆள் எடுக்கிறார்கள். கான்ட்ராக்டரிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தை ஒருமாதிரி பார்த்தார். நல்லாக் கட்டுவான் என்று சொன்னேன்.

எப்படியானாலும் ஒருமுறை வீட்டுக்கு வா. அலுவலகத்துக்கு இல்லை, வீட்டுக்கு. பஸ் நம் தெருவில் நிற்கும்போது இறங்கு. மகள் குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள், நீ வருவதற்குள் தவழ்ந்துவிடுவாள் போலிருக்கிறது. இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். நீ வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதமாக இருக்கிறாள்.

வந்து உட்கார்ந்து பேசு தம்பி. பூனையைப் பற்றிப் பேசு, கப்பலைப் பற்றிப் பேசு, உன் மைத்துனர் குறட்டையைப் பற்றிப் பேசு. அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதையும் பேசு. பேச வரவில்லையென்றால் சும்மா உட்கார்ந்திரு. நான் பக்கத்தில் இருப்பேன்.

உன் குடும்பமும் நீயும் ஒரே வீட்டில் நிம்மதியாகக் கண்ணயர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அண்ணன்